ஒன்பதாம் வகுப்பில் நழுவும் பிள்ளைகள்

ஒவ்வொரு மே மாதமும் பொதுத்தேர்வு முடிவு வெளியான அன்று மாலையே அரசுப் பள்ளிகளைப் பற்றிய வாக்குவாதம் தொடங்கிவிடுகிறது. 2025இல் பத்தாம் வகுப்பில் மாநிலத்தின் மொத்தத் தேர்ச்சி 93.80 சதவீதம், அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி 91.26. இந்த இரண்டரை சதவீத இடைவெளியைக் காட்டி, “ஆசிரியர்கள் கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு பாடம் நடத்துவதில்லை” என்று ஒரு தரப்பு குற்றம்சாட்டுகிறது. “தொண்ணூறைத் தாண்டிவிட்டோம், இன்னும் என்ன வேண்டும்?” என்று மறு தரப்பு கேட்கிறது. இரு தரப்பும் பார்ப்பது ஒரே எண்ணைத்தான். அரசு உயர்நிலைப் பள்ளிகளின் உண்மையான சிக்கல் அந்த எண்ணுக்குள் இல்லை.

தேர்ச்சி சதவீதம் என்பது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கு. எழுத வராதவர்கள் அதில் சேரமாட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பேர் இருந்த ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு முப்பத்திரண்டு பேர் தேர்வு எழுதி, முப்பத்திரண்டு பேரும் தேறினால் அது நூற்றுக்கு நூறு தேர்ச்சி. பள்ளிக்குக் கேடயம் கிடைக்கும், தலைமையாசிரியருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைக்கும். மீதி எட்டுப் பேர் எங்கே என்று அந்த மேடையில் யாரும் கேட்கமாட்டார்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2023 மார்ச் 13 காட்டியது. அன்று பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முதல் நாள், தமிழ்த் தாள். தேர்வுக்குப் பதிவு செய்திருந்தவர்களில் 50,000க்கும் மேற்பட்டோர் வரவில்லை. தாய்மொழித் தாளுக்கே இத்தனை பேர் வரவில்லையா என்று மாநிலமே அதிர்ந்தது. அவர்களில் பலர் அதற்கு வெகு முன்பே பள்ளியை விட்டிருந்தவர்கள், பெயர் மட்டும் பட்டியலில் இருந்தது என்பது கல்வித்துறையின் விளக்கம். கொரோனா காலத்தில், 2021இல், பொதுத்தேர்வே இல்லாமல் பத்தாம் வகுப்பில் ஆல் பாஸ் செய்யப்பட்ட பிள்ளைகள் அவர்கள். விளக்கம் சரிதான். ஆனால் மாதக்கணக்கில் வகுப்புக்கு வராத ஒரு பிள்ளை பள்ளியில் இல்லை என்பது ஹால் டிக்கெட்டை வாங்க ஆள் இல்லாத அன்றுதான் வெளியே தெரிந்தது என்றால், தேர்ச்சி சதவீதத்தை வைத்து ஒரு பள்ளியின் நலத்தை எடைபோட முடியாது என்றுதானே அர்த்தம்?

இந்த நழுவல் பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்குவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் தொடங்குகிறது. அதற்குக் காரணங்கள் உண்டு, அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலில் சட்டம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான், எட்டாம் வகுப்பு முடியும் வரைதான் பிள்ளைக்குக் காவல் நிற்கிறது. அதுவரை பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடிக்கொண்டு வீட்டுக்குப் போவது அரசின் கடமை. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலும் இதே வயதில்தான் கோடு விழுகிறது. 2016இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டத்தின்படி 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது; 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் மட்டும் வைக்கக் கூடாது. ஆக, ஒரு பையனுக்குப் பதினான்கு முடிந்த அன்று பள்ளியில் வைத்திருக்கும் சட்டம் கையை விடுகிறது, வேலைக்குப் போகாதே என்று தடுத்த சட்டமும் பாதி வழி விட்டுவிடுகிறது. அந்த வயதில் அவன் உட்கார்ந்திருப்பது ஒன்பதாம் வகுப்பில்.

அடுத்தது, அவன் கொண்டுவரும் பாக்கி. எட்டு ஆண்டுகள் வகுப்பு மாறியபோதெல்லாம் பாடம் உள்ளே போயிருக்கிறதா என்று யாரும் பொறுமையாகப் பார்க்கவில்லை. இதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்கு போதும். 503இலிருந்து 268ஐக் கழி என்று ஒன்பதாம் வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். சில பிள்ளைகள் 365 என்று விடை எழுதுவார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த விடை எப்படி வந்தது என்று பாருங்கள்: 8இலிருந்து 3 போனால் 5, 6இலிருந்து 0 போனால் 6, 5இலிருந்து 2 போனால் 3. மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறது பிள்ளை. கடன் வாங்கிக் கழிப்பது தொடக்கப் பள்ளிப் பாடம். அங்கே விட்டுப்போன இடத்தில், தனக்குப் புரிந்த ஒரு விதியைத் தானே உருவாக்கிக்கொண்டு, ஆறேழு வருடமாக அதை ஒழுங்காகப் பின்பற்றி வருகிறது. அந்தப் பிள்ளை மந்தமானது அல்ல. யாரும் அருகே உட்கார்ந்து அதன் நோட்டைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பிள்ளையிடம்தான் இப்போது மெய்யெண்களும் இயற்கணிதமும் நடத்த வேண்டும்.

வாசிப்பிலும் இதே நிலைதான். கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாகப் பார்த்து எழுதும் பிள்ளைகளை எந்த ஒன்பதாம் வகுப்பிலும் காணலாம். நோட்டைப் புரட்டினால் குறையே சொல்ல முடியாது. எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னால் இரண்டாவது வரியில் நின்றுவிடும். அறிவியல் தாளில் அந்தப் பிள்ளை தோற்றால் அறிவியல் தெரியாமல் தோற்றது என்று சொல்ல முடியாது. கேள்வியையே படிக்க முடியாமல் தோற்றிருக்கலாம். ஆசிரியருக்குக் கிடைப்பது நாற்பது, நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளை. காலாண்டுத் தேர்வுக்குள் முடிக்க வேண்டிய பாடங்களின் பட்டியல் முன்னாலேயே வந்துவிடும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையோடு உட்காரும் நேரம் அந்த அட்டவணையில் எங்கும் இல்லை. 2025–26 கல்வியாண்டில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை பின்தங்கியவர்களுக்காகத் தமிழ், ஆங்கிலம், கணக்கில் ‘திறன்’ என்ற பயிற்சியை அரசு தொடங்கியிருப்பது இந்தப் பாக்கியை அரசே ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். அதை மனமார வரவேற்க வேண்டும். வழக்கமான பாடச்சுமையைக் குறைக்காமல் அதன் மேல் இதையும் ஏற்றினால் பலன் கிடைக்காது என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும்.

சரி, இத்தனை பாக்கியோடு வரும் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் எப்படித் தேறுகிறார்கள்? இது பலருக்குப் புரியாத புதிர். கணக்குத் தாளைப் பிரித்துப் பார்த்தால் விளங்கும். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. அவற்றில் பெரும்பகுதி பாடநூலின் பயிற்சியிலேயே இருப்பவை, திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தால் நினைவில் நிற்கும். கடைசிப் பகுதியில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. கவராயம், அளவுகோல் பிடித்துப் படிநிலைகளைப் பழகிவிட்டால் இந்தப் பதினாறும் கைக்கு வரும். 14உம் 16உம் 30. இடையில் எங்கேயாவது ஐந்து மதிப்பெண் விழுந்தால் 35, பாஸ். அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். எழுத்துத் தேர்வில் 75க்கு 20 எடுத்தால் போதும். ‘மினிமம் மெட்டீரியல்’ என்று எல்லாப் பள்ளிகளிலும் புழங்கும் அந்தச் சில பக்கங்கள் இந்தக் கணக்கின் மேல்தான் கட்டப்பட்டவை.

அதைத் தயாரிக்கும் ஆசிரியர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தை மாதத்தில், வாசிக்கத் தெரியாத ஒரு பிள்ளையைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு வெளியே அனுப்ப வேண்டும் என்றால் அவர்களுக்கு வேறு வழி இல்லை. அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் மேல்நிலை வகுப்பிலோ பாலிடெக்னிக்கிலோ சேர முடியாது, பல அரசு வேலைகளுக்கு விண்ணப்பமே போட முடியாது. மாலை ஆறு மணி வரை சிறப்பு வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, சொந்தக் காசில் சுண்டல், பிஸ்கட் என்று உழைக்கும் ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் இப்படிக் கிடைத்த 35ஐக் கற்றலின் அளவுகோலாக எடுத்துக்கொள்வது தவறு. அந்தப் பையன் பாலிடெக்னிக்கில் முதல் வருடக் கணக்கில் அரியர் வைக்கும்போது, அவன் வாங்கிய பாஸ் எதைக் குறித்தது என்ற கேள்வி அவன் தலையில் மட்டும் விழுகிறது.

நூற்றுக்கு நூறு என்ற நெருக்கடி இன்னொரு வேலையையும் செய்கிறது. எல்லாப் பள்ளிகளிலும் இல்லை, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்பதாம் வகுப்பு முடிவில், தேற வாய்ப்பில்லை என்று தோன்றும் பிள்ளையின் பெற்றோரை வரவழைத்து, “டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாம்” என்று பக்குவமாகச் சொல்வது நடக்கிறது. கையெழுத்து போடும் தாய்க்கு அது ஆலோசனை போலத்தான் கேட்கும். தனித்தேர்வராகப் போன பிள்ளைக்கு வகுப்பு இல்லை, ஆசிரியர் இல்லை, மதியச் சாப்பாடும் இல்லை. அது மறுபடி புத்தகத்தைத் தொடுவது அரிது.

இனி வீட்டுக்கு வருவோம். 1970களுக்குப் பிறகு மெட்ரிக் பள்ளிகள் பெருகப் பெருக, கட்டணம் கட்ட முடிந்த குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அரசுப் பள்ளியை விட்டுப் போயின. ஊராட்சித் தலைவர் வீட்டுப் பிள்ளையும், அந்தப் பள்ளி ஆசிரியர் வீட்டுப் பிள்ளையும் அங்கே படித்த காலம் போயிற்று. இன்று பெரும்பாலான அரசு உயர்நிலைப் பள்ளிகளில் இருப்பவர்கள் கூலித் தொழிலாளர்கள், சிறு விவசாயிகள், கட்டட வேலைக்காரர்கள், பீடி, தீப்பெட்டி, பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு இடம்பெயர்கிறவர்களின் பிள்ளைகள். இவர்களில் பலர் தங்கள் வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பு வரை வந்தவர்கள்.

அப்படியொரு வீட்டில் பதினைந்து வயதுப் பையன் ஒரு சம்பாத்தியம். முகூர்த்த நாளில் கேட்டரிங் வேலைக்குப் பந்தி பரிமாறப் போனால் சாப்பாடு போட்டுக் கையில் ஐந்நூறு ரூபாய் தருவார்கள். முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போவான். பிறகு வெள்ளிக்கிழமை முகூர்த்தம். திங்கட்கிழமை தூக்கக் கலக்கத்தோடு வகுப்பில் உட்காருவான், விட்ட பாடம் புரியாது, திட்டு விழும். பாடம் புரியாத இடத்தில் திட்டும், வேலை தெரிந்த இடத்தில் காசும் மரியாதையும் கிடைத்தால் பதினைந்து வயது எந்தப் பக்கம் சாயும்? பெண் பிள்ளை நழுவுவது வேறு வகை. அம்மா வேலைக்குப் போவதால் தம்பி தங்கையைப் பார்ப்பது, தண்ணீர் வராத கழிப்பறையால் மாதத்தில் சில நாள் வராமல் இருப்பது, பிறகு ஒரு நாள் ஊரில் யாருக்கும் சொல்லாமல் கல்யாணம். பத்தாம் வகுப்போடு முடியும் உயர்நிலைப் பள்ளி என்றால், பதினொன்றாம் வகுப்புக்கு ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும். சிறப்பு வகுப்பு முடிந்து திரும்ப பஸ் இல்லை என்பதே படிப்பை நிறுத்தப் போதுமான காரணமாகிவிடுகிறது.

சாதி இந்தப் பள்ளிகளின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவரை, சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதை நாம் பார்த்தோம். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அந்த அறிக்கையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே சொல்ல வேண்டியது, பயத்தோடு பள்ளிக்கு வரும் பிள்ளையின் வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் காட்டுகின்றன என்பது.

ஆசிரியர் பற்றாக்குறையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பல உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு பாடத்துக்கு ஒரே பட்டதாரி ஆசிரியர்தான். அவர் மாறுதலில் போனாலோ மகப்பேறு விடுப்பில் போனாலோ ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புகளுக்கும் அந்தப் பாடம் நின்றுவிடும். பெண் அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் பன்னிரண்டு மாத மகப்பேறு விடுப்பு உண்டு. அது அவர்களின் உரிமை, அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு மாதத்துக்கு மாற்று ஆசிரியரை உடனே அனுப்ப வேண்டியது அரசின் பொறுப்பு. பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகப் பட்டதாரி ஆசிரியரை மாதம் 10,000 ரூபாய்க்கு அமர்த்தும் ஏற்பாடு 2022இல் வந்தது; பின்னர் அது 15,000 ஆயிற்று. அந்தத் தொகைக்குக் கணக்கு, இயற்பியல் படித்தவர் கிராமத்துக்கு வந்து சேர்வது கடினம். ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 2012இல் மாதம் 5,000 ரூபாயில் சேர்க்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் பணி நிரந்தரம் கேட்டு இன்னும் போராடுகிறார்கள். வட மாவட்டங்கள் பல ஆண்டுகளாகத் தேர்ச்சிப் பட்டியலின் கீழ்ப்பகுதியில் இருப்பதற்கும் இதில் ஒரு விடை உண்டு. அங்கே நியமனம் பெறும் தென் மாவட்டத்து ஆசிரியர்கள் கலந்தாய்வில் சொந்த ஊருக்கு மாறுதல் வாங்கிப் போய்விட, இடம் மறுபடி காலியாகிறது. போதாக்குறைக்கு எழுத்தர் இல்லாத பள்ளியில், கல்வித்துறை மாணவர் விவரங்களைத் தொகுக்கும் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுவது முதல் நலத்திட்டப் பொருள்களுக்குக் கணக்கு வைப்பது வரை ஆசிரியரே செய்ய வேண்டியிருக்கிறது.

பணமும் இதில் ஒரு பங்கு. சமக்ர சிக்ஷா திட்டத்தில் 60:40 என்ற விகிதத்தில் மத்திய அரசு தர வேண்டிய பங்கு, 2024–25க்கு மட்டும் 2,152 கோடி ரூபாய், பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக நிறுத்தப்பட்டு, தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியதாயிற்று. கொள்கையில் இரு அரசுகளுக்கும் வேறுபாடு இருக்கலாம். பிள்ளைகளின் பணத்தை அந்தப் பேரத்தில் வைப்பது அநீதி.

அரசு எதுவும் செய்யவில்லையா? நிறையச் செய்திருக்கிறது, நாட்டில் வேறு பல மாநிலங்கள் இங்கிருந்துதான் கற்றுக்கொள்கின்றன. ஆனால் உதவிகளை வயதுவாரியாக அடுக்கிப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம் தெரியும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக வந்தது. 1982இல் தொடங்கி 1984இல் 15 வயது வரை விரிந்த சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பையன், நேற்று வரை தட்டேந்திய அதே கூடத்தைத் தாண்டிப் போக வேண்டும். பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என மாதம் ஆயிரம் ரூபாய் தருவது நல்ல திட்டம். பள்ளியைத் தாண்டி உயர்கல்விக்குள் நுழைந்தவர்களுக்கே அது. மருத்துவத்தில் 2020இலும் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 2021இலும் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும் அப்படியே. மிதிவண்டி பதினொன்றில்தான். தேசிய வருவாய் வழி, திறன் படிப்புதவித் தொகை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறது, ஆனால் எட்டாம் வகுப்பில் தேர்வு எழுதி வென்றவர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு அது கைகொடுக்கும். நழுவப்போகும் பிள்ளைக்கு?

இடைநிற்றலைத் தடுக்கவென்றே 2011–12 முதல் ஓர் ஊக்கத்தொகை இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கும் பதினொன்றுக்கும் தலா 1,500, பன்னிரண்டுக்கு 2,000, ஆக மொத்தம் 5,000 ரூபாய். அதுவும் பன்னிரண்டு முடித்த பின்புதான் கைக்கு வரும். பத்து முகூர்த்தத்தில் சம்பாதிக்கும் தொகைக்காக மூன்று வருடம் காத்திரு என்று அந்தப் பையனிடம் சொல்கிறோம். நோக்கம் நல்லது, தொகையும் தரும் முறையும் இன்றைய கூலிக்கு எட்டாமல் போய்விட்டன.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே தெரிகின்றன. சத்துணவைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டுவதும், காலை உணவை உயர்நிலை வகுப்புகளுக்குக் கொண்டுவருவதும் முதல் வேலை. கல்லூரியில் தரும் மாத ஆயிரத்தில் ஒரு பகுதியையாவது, வருகைப் பதிவோடு இணைத்து, ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தாயின் கணக்கில் போடலாம். ஆறாம் வகுப்பில் நுழையும்போதே வாசிப்பும் நான்கு அடிப்படைக் கணக்குகளும் சோதிக்கப்பட்டு, தேவைப்படும் பிள்ளைகளுக்கு அதற்கென்று தனி ஆசிரியர் வேண்டும். ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர் இருக்கும் பள்ளிகளுக்கு, விடுப்புக் காலத்தில் அனுப்புவதற்கென்றே ஒன்றிய அளவில் நிரந்தர ஆசிரியர் குழு வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடச் செலவில்லாத காரியம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண் இருக்கிறது. எந்தப் பள்ளியில் எத்தனை பேர் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள், எழுதாதவர்கள் வேறு பள்ளிக்குப் போனார்களா, வேலைக்குப் போனார்களா என்பதை அரசு விரும்பினால் ஒரே நாளில் எடுத்துவிடலாம். தேர்ச்சி சதவீதத்தோடு இந்த எண்ணையும் ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிட வேண்டும். கேடயமும் பாராட்டும் இந்த எண்ணைப் பார்த்தே தரப்பட வேண்டும். பலவீனமான பிள்ளையை வெளியே அனுப்புவதால் எந்தப் பள்ளிக்கும் லாபம் இல்லை என்று ஆகிவிட்டால், அந்தப் பிள்ளைக்காக உழைக்கும் ஆசிரியருக்கும் உரிய மதிப்பு கிடைக்கும்.

அரசு வெளியிடும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. உங்கள் ஊர் அரசுப் பள்ளியிலும் பெற்றோரே பெரும்பான்மையாக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இருந்து இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் இல்லாத பிள்ளைகளின் பெயர்களைக் கேளுங்கள். அவர்கள் உங்கள் தெருவில், அடுத்த தெருவில்தான் இருப்பார்கள். வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். மறுபடி சேர்க்கச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை.